பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்

மகளே,

திங்கட்கிழமை காலை எனக்கு அறுவைச் சிகிச்சை. இது உறுதியான செய்தி. உன் பெரிய டாக்டரே கையெழுத்திட்டு அனுப்பிய அட்டை நேற்றுப் பகல் தபாலில் வந்தது. இப்போது என் மேசையில் மைக்கூட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. அதே உறைக்குள் நீ எழுதிய தாளும் இருந்தது. அறுவைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பதற்காக உன் ஆஸ்பத்திரி தமிழில் அச்சிடப்போகும் குறிப்பு. அதை எழுதும் பொறுப்பை உன்னிடம் விட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "அப்பா, தமிழில் பிழை இருந்தால் திருத்தி உடனே அனுப்புங்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலகச் சண்டை முடியும்வரை தாள் கிடைக்காதாம்; அரைப் பக்கத்துக்குமேல் ஒரு வரி கிடையாது என்கிறார் பெரிய டாக்டர்." ஆக, ஒரே உறையில் எனக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்றில் நான் நோயாளி. மற்றொன்றில் பிழை திருத்துகிறவன்.

மூன்று முறை படித்தேன். பிழை இல்லை. சின்னச் சொற்கள், நேரான வாக்கியங்கள், யாரையும் மிரட்டாத குரல். "கடவுளின் கருணையாலும் கைதேர்ந்த மருத்துவத்தாலும் உங்கள் துன்பம் தீரும்" என்று தொடங்குகிறாய். எங்கள் பத்திரிகை ஆசிரியர் அதைத் தலையங்கத்துக்கே எடுத்துக்கொள்வார். வெளியூர் நிருபனாக இந்தச் சேலத்தில் இத்தனை வருஷம் சர்க்கார் அறிக்கைகளையும் கலெக்டர் கச்சேரி விளம்பரங்களையும் படித்துப் படித்துக் கண் மங்கியவனுக்கு, ஒரு தாள் இவ்வளவு தெளிவாக இருக்க முடியும் என்பதே ஆச்சரியம். பிறகு ஆறாவது வரிக்கு வந்தேன். "அறுவைச் சிகிச்சை நாளன்று காலையில் உணவு உண்ணாமல் வரவும்." செய்தித்தாளில் இந்த வரியை நான் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் இது செய்தித்தாள் அல்ல. இந்த வரி இப்படியே அச்சானால், இதை ஒழுங்காகப் படித்து, இதில் சொன்னபடியே நடந்து, பொய் ஒன்றும் சொல்லாமல், யாராவது ஒருவர் உங்கள் மேசைமேல் செத்துப்போகக் கூடும். மிகைப்படுத்தி எழுதுவது என் வழக்கமல்ல என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வரித் திருத்தத்தோடு நிறுத்தாமல் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், நேற்று மாலை நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தாளை உன் அம்மாவிடம் கொடுத்தேன். செபப் புத்தகம் படிப்பது போலவே வாய் அசைய, ஒரு சொல்லையும் விடாமல் கடைசிவரை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கா," என்றாள். "அப்ப திங்கக்கெழம வெள்ளன எழுந்து காப்பி மட்டும் போட்டுத் தரேன். குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"சாப்பாடு வேணாம்னு போட்டிருக்கு. நான் என்ன உங்களுக்கு இட்டிலியா அவிக்கப் போறேன்?"

"காப்பி?"

"காப்பி எப்பங்க சாப்பாடாச்சு? வெறும் வயித்தோட அந்தக் கரி போட்டு ஓட்டற பஸ்ஸுல போனா உங்களுக்குத் தலையச் சுத்தும்."

"பூசையில நன்மை வாங்கப் போற ஞாயித்துக்கெழம காப்பி குடிப்பியா?"

"சேசுவே, அன்னைக்கு ராத்திரியிலேருந்து தண்ணியத் தொடுவேனா நான்? அது ஆண்டவருங்க. இது டாக்டரு."

"திங்கக்கெழமைக்கு ரெண்டும் ஒன்னுதான்," என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. தாளை மறுபடி வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்படின்னு இதுல இல்லையே," என்றாள் மெதுவாக.

இந்தப் பெண், நான் கீழே சொல்லப்போகிற கதையை நீ பால் மறக்கும் காலத்திலிருந்து என் வாயால் கேட்டு வருகிறவள். தன் மகள் எழுதிய தாளை, தன் புருஷனுக்காகப் படித்தாள். அவளுக்கே காப்பி அந்த வரிக்கு வெளியே நின்றுவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருட்டில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன் போல ஒரு பிரமிப்புத்தான் வந்தது. 'உணவு' என்கிற சொல் எவ்வளவு பெரியது, அதற்குள் எதை வைப்பது எதை வெளியே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே முடிவுசெய்து வைத்திருக்கிறது, அந்த முடிவை யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

மோகனூர்ப் பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் நமக்கு வாழைத்தார் கொண்டுவரும் செங்கோடனை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு "சாமி, சாமி" என்று தெருமுனைவரை போவாரே, அவர்தான். அவர் அடிவயிற்றில் தையல் தழும்பு இருப்பதும் உனக்குத் தெரியும். குழந்தையாக இருந்தபோது அதைப் பூரான் என்று நினைத்துப் பயந்திருக்கிறாய். அது இரண்டாம் முயற்சியில் வந்த தையல் என்பது உனக்குத் தெரியாது. முதல் முயற்சியின்போது நான் அந்த அறையில் இருந்தேன்.

நாமக்கல் பக்கம் அப்போது ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது, இப்போது இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான். அந்த டாக்டர் ஆளை மயங்கவைத்து வயிற்றை அறுக்கிறார் என்ற பேச்சு சுற்றுப்புறமெங்கும் பரவியிருந்தது. "உசுரக் கழட்டிச் சீசாவுல போட்டு மூடி வெச்சுக்கறாருங்க, தெச்சு முடிச்சதுக்கப்பறம் மூடியத் தொறந்து உடறாரு" என்று திருச்செங்கோட்டுச் சந்தையில் ஒருவர் எனக்குச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். சென்னையிலிருந்த எங்கள் ஆசிரியருக்கு இதை எழுதினேன். போய்ப் பார்த்து எழுது என்று பதில் வந்தது. டாக்டரும் சம்மதித்தார். கையைக் கழுவச் சொல்லி, வெள்ளை அங்கி ஒன்றை மாட்டி, சுவரோரமாக என்னை நிற்கவைத்து, "மயக்கம் வந்தால் வெளியே போய் விழும்" என்றார்.

செங்கோடனுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து இறைத்து உரமேறிய தோள். குடலிறக்கம் முற்றி, அந்தக் கவலை வடத்தின்மேல் உட்காரவே முடியாமல் போயிருந்தது. மாடுகளைக் கிணற்று மேட்டில் ஏற்றி இறக்க ஆளில்லாமல் வயல் காய்ந்துகொண்டிருந்தது. வெட்டி எடுத்தால் மறுபடி ஏர் பிடிக்கலாம், இல்லாவிட்டால் ஒருநாள் குடல் முறுக்கிக்கொண்டு ஆளே போய்விடுவார் என்று டாக்டர் முந்தின வாரமே சொல்லியிருந்தார். கம்பவுண்டர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பையும் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார். இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து நல்ல தமிழில் பெயர்த்து அச்சிட்ட குறிப்பு. "சிகிச்சை தினத்தன்று உணவு உட்கொள்ளாமலும், உடலில் அணிந்துள்ளவற்றை நீக்கியும் வருதல் வேண்டும்." உன் வரிக்கும் அதற்கும் நடை வேறு, ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அணிந்துள்ளவற்றை நீக்குவதிலேயே முதல் சிக்கல் வந்தது. கடுக்கனைக் கழற்றியாயிற்று, வேட்டிக்குப் பதில் ஆஸ்பத்திரித் துணி சுற்றியாயிற்று. இடுப்பில் அரணாக்கயிறு கிடந்தது. வெட்டப்போகிற இடத்துக்குக் குறுக்காகக் கிடந்ததால் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார். வாசலில் நின்றிருந்த செங்கோடனின் மனைவி பாவாயி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உசுரோட இருக்கறவிங்களுக்கு அரணாக்கவுறு அறுப்பாங்களா? பொணத்துக்கல்ல அறுப்பாங்க."

"எல்லாத்தையும் கழட்டணும்னு அன்னைக்கே படிச்சுச் சொன்னோமேம்மா."

"கழட்டறதத்தான் கழட்டுனமுங்க. அரணாக்கவுறு கழட்டறதுங்களா? அது மேலோட கெடக்கறது."

டாக்டர் பாவாயியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அறுக்க வேண்டாம், மேலே தள்ளி நெஞ்சில் கட்டுங்கள் என்றார். சிக்கல் தீர்ந்தது. நல்ல மனிதர், யார் மனதையும் புண்படுத்தாமல் முடித்துவிட்டோம் என்று அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. எனக்கும் இருந்தது. அந்தக் கயிறு எங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது என்பதை அறையில் இருந்த ஒருவரும் உணரவில்லை. அந்தக் குறிப்பின் ஒரு பாதியை இவர்கள் தங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டிருந்தால், மற்ற பாதியை மட்டும் எங்கள் வழக்கப்படியா எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

டாக்டர் கேட்கத்தான் செய்தார். இது நான் காதால் கேட்டது.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க சாமி."

"ஒண்ணுமே சாப்பிடலையே?"

"ஒன்னுமே சாப்புடலீங்க. இவளையுங் கேட்டுப் பாருங்க."

பாவாயியும் தலையை ஆட்டினார். டாக்டர் நர்ஸைப் பார்த்துக் கண்ணசைத்தார். கம்பிக் கூட்டின்மேல் துணி போர்த்திய முகமூடியைச் செங்கோடன் மூக்கின்மேல் வைத்து நர்ஸ் குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார். பழுத்துக் கனிந்த ஏதோ ஒரு பழத்தின் வாசம் சுவரோரம்வரை வந்தது. "ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணிக்கிட்டே இருங்க" என்றார் நர்ஸ். துணிக்கு உள்ளேயிருந்து செங்கோடனின் குரல் வந்தது.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு."

நர்ஸ் திடுக்கிட்டு டாக்டரைப் பார்த்தார். அதற்குள் பிதற்றல் தொடங்கிவிட்டதோ என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. களத்தில் தானியம் அளக்கிற எந்தக் குடியானவனும் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டான், லாபம் என்றுதான் சொல்வான். எண்ணச் சொன்னார்கள், தனக்குத் தெரிந்த ஒரே முறையில், மங்களமாக எண்ணுகிறார். குரல் மெல்லக் கரைந்தது. பத்தைத் தாண்டியது. ஓர் எண்ணைப் பாதி சொல்லி நின்றது. நான் பார்த்த சாவுகளில் எதிலும் ஒருவர் இவ்வளவு அமைதியாகப் போனதில்லை. சற்றுமுன் மனைவியைச் சாட்சிக்கு அழைத்த மனிதர் எங்கேயோ போய்விட்டார். உடம்பு மட்டும் அங்கே இருந்தது, மூச்சு விட்டுக்கொண்டு. சந்தைக்காரர் சொன்ன சீசாவை நான் தேடாத குறைதான்.

டாக்டர் இன்னும் வயிற்றில் கத்தியை வைக்கவில்லை. செங்கோடனின் வயிறு ஒரு முறை குலுங்கியது. வாய் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ பொங்கி வந்தது. பிறகு மூச்சு நின்றது. முகம் நாவல்பழ நிறத்துக்கு மாறுவதை நான் பார்த்தேன். டாக்டர் கத்தியைக் கீழே எறிந்தார். முகமூடியைப் பறித்தார், தலையணையை உருவினார், தலையை ஒரு பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, விரலில் துணி சுற்றித் தொண்டைவரை விட்டுத் துடைத்தார். நர்ஸ் இடுக்கியால் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் செங்கோடனின் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார், இறக்கி நெஞ்சோடு அழுத்தினார், தூக்கினார், அழுத்தினார். கவலை மாடு மேடேறி இறங்குகிறது போல அந்தக் கைகள் ஏறி இறங்கின. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. நேரம் குறிப்பது என் தொழில். அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலில் பாவாயிக்கு உள்ளே நடப்பது தெரியாது. "ஏனுங்க, இன்னுமா தூங்கலே?" என்று அவர் கம்பவுண்டரைக் கேட்பது எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு சத்தம். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிறபோது மண் அதை உறிஞ்சும் சத்தம் உனக்குத் தெரியும். அப்படி ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. நாவல்பழ நிறம் உதட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டர் சுவரில் கைவைத்துச் சாய்ந்து நின்றார். வெட்டு அன்று நடக்கவில்லை.

வெயில் ஏறியபின் செங்கோடன் கண் திறந்தார். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கரகரத்த குரலில் முதல் வார்த்தையாகக் கேட்டார்:

"எங்க உட்டேன்?"

யாருக்கும் புரியவில்லை. "எண்ணிக்கைங்க. எங்க உட்டேன்?"

மகளே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். காவிரியைக் கட்டி நிறுத்தியதைப் பார்த்தேன். மின்சார விளக்கு முதல்முதலாக எரிந்த தெருவில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு ஈடாக எதுவும் என்னை உலுக்கியதில்லை. அவர் போன இடத்தில் நேரமே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் கவனம் தவறியவர் போலத் திரும்பி வந்திருக்கிறார். அந்தக் கணத்துக்குள் நாங்கள் அத்தனை பேரும் அவரைப் பறிகொடுத்து, மறுபடி பெற்றிருந்தோம். அது அவருக்குத் தெரியாது. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுருச்சுங்களா? வலியே இல்லீங்களே" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லை," என்றார் டாக்டர். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புத்தான் இருந்தது. "ஒண்ணுமே சாப்பிடலேன்னு சொன்னீங்களே."

"சாப்புடலீங்களே."

"வயித்திலேருந்து வந்ததை நான் கையால துடைச்சேன்."

"அது கூழுங்க." செங்கோடனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கம்மங்கூழு ஒரு சொம்பு குடிச்சனுங்க, ரெண்டு வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு. அதயுஞ் சாப்பாட்டுலயா சேத்துவீங்க? வண்டி பூட்டறதுக்கு முந்தி மாட்டுக்குத் தண்ணி காட்டறதில்லீங்களா, அது மாதரதானுங்க."

பாவாயி வாசலிலிருந்து கடிந்துகொண்டார். "சோறு வடிச்சுத் தாரேன்னு சொன்னனுங்க சாமி. டாக்டரு சாப்புட வேண்டாம்னு சொல்லியிருக்காருன்னு வேண்டவே வேண்டாம்னுட்டாரு. பட்டினியாத்தான் கூட்டியாந்தேன்."

கவனி. டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். கம்பவுண்டர் படிக்க வேண்டியதைப் படித்தார். குறிப்பை எழுதியவர் தமிழில் ஒரு பிழை விடவில்லை. செங்கோடன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஒருவரும் பொய் சொல்லாமல், ஒருவரும் சோம்பேறித்தனம் காட்டாமல், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பொய்யையும் அலட்சியத்தையும் தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். இரண்டும் இல்லாத ஓர் ஆபத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆசிரியருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், வண்டி கிடைக்கும்வரை ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்தத் தடவை டாக்டர் கேட்ட விதம் வேறாக இருந்தது. "சாப்பிட்டீங்களா" என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "விடியக்காலம் எழுந்ததுலேருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் என்னென்ன பண்ணினீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். செங்கோடன் சொல்லத் தொடங்கினார். மாட்டை அவிழ்த்துக் கட்டினது, சாணி அள்ளினது, பல் விளக்கினது, ஊட்டுக்காரியோடு சண்டை போட்டது, வழியில் சக்கரத்துக்கு மசி போட்டது. "அப்பறம்?" "அப்பறம் என்னுங்க, நேரா வந்துட்டனுங்க." "நடுவுல?" "நடுவுல ஒன்னுமில்லீங்க. பச்சத்தண்ணி பல்லுல படலீங்க, இந்தத் தடவ. நீங்க போன வாரம் பட்ட பாட்ட இவ சொல்லிச் சொல்லி அழுதுட்டாளுங்க." டாக்டர் முகமூடியைக் கொண்டுவரச் சொன்னார். செங்கோடன் லாபத்திலிருந்து தொடங்கினார். அந்தத் தையலைத்தான் நீ பூரான் என்று நினைத்தாய்.

அந்த முக்காலியில் அன்று டாக்டர் உட்கார்ந்ததை நான் என் தொழிலுக்கு எடுத்துக்கொண்டேன். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. தாசில்தாரிடமும் கேட்டதில்லை, தறிக்காரரிடமும் கேட்டதில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்பேன். ஒருவர் தன் வழக்கத்தைத் தானாகச் சொல்லும்போது, நாம் கேட்கத் தெரியாதது தானே வந்து விழும். இதை உனக்கு அறிவுரையாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்று பழகியவள் நீ, நான் சுவரோரம் நின்றவன். ஆனால் நீ தாள் எழுதுகிறாய். தாளுக்கு முக்காலி கிடையாது. அது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து "அப்பறம்?" என்று கேட்காது. ஆகவே அது கேட்க முடியாததையெல்லாம் நீ முன்கூட்டியே அதற்குள் வைத்துவிட வேண்டும்.

எதை வைப்பது என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். 'விரதம்' என்று போடலாமா என்று பார்த்தேன். பாலும் பழமும் விரதத்துக்குள் வந்துவிடுகின்றன. 'வெறும் வயிறு' என்றால் உன் அம்மாவின் காப்பி உள்ளே வருகிறது. நன்மை வாங்கப் போகிற நாள் மாதிரி என்று போட்டால் நம் ஆட்களுக்கு ஒரு நொடியில் புரியும். உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் கோவிலுக்கு வருகிறவர்கள் அல்ல. பெயர் சொல்லி அடுக்கலாம் என்றால் கூழ், கஞ்சி, நீச்சத்தண்ணி, மோர், காப்பி, இளநீர், வெற்றிலை என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. ஆத்தூர்க்காரருக்கு ஒன்று, மோகனூர்க்காரருக்கு ஒன்று. எந்தப் பட்டியலிலும் ஒரு சொம்பு வெளியே நின்றுவிடும். கடைசியில் செங்கோடன் சொன்னதற்கே திரும்பி வந்தேன். ஆறாவது வரியை அடித்துவிட்டு இப்படிப் போடு: "முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை, கூழ், கஞ்சி, காப்பி எதுவும் குடிக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பட்டுவிட்டால் பயப்படாமல் சொல்லுங்கள். வேறு நாளில் செய்துகொள்ளலாம்." அந்தக் கடைசி வாக்கியத்தை எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதே. வண்டி பூட்டி வந்த பயணம் வீணாகும் என்ற பயமே ஒருவர் வாயை அடைத்துவிடும். நகைகளைக் கழற்றச் சொல்லும் வரியிலும் அரணாக்கயிற்றையும் தாலியையும் பெயர் சொல்லி, அவற்றை அறுக்க மாட்டோம் என்று எழுது.

அரைப் பக்கத்துக்குமேல் இடமில்லை என்கிறாய். அப்படியானால் முதல் வரியை எடுத்துவிடு, செசிலி. அது மிக அழகான வரி. எனக்கே மனம் வரவில்லை. கடவுளின் கருணை தாளில் இல்லாமலும் வேலை செய்யும். கூழ் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் செங்கோடனின் நோய்தான் என்பதும், சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் வார்ப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். வேலை இருக்கிறது, சண்டைச் செய்தி இருக்கிறது என்று உன்னிடம் காரணம் சொன்னேன். அவை காரணமல்ல. அந்த நாவல்பழ நிறம்தான் காரணம். இப்போதும் அது போய்விடவில்லை. ஆனால் சென்ற மாதக் கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: முகமூடியில் சொட்டு விடும் வேலையை இப்போது உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், நோயாளியின் தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே மறு கையால் விடுகிறாய் என்று. என் உள்ளங்கையில் அடங்கிய தலை உன்னுடையது. அந்தக் கை இன்று மனிதர்களை நேரமில்லாத இடத்துக்கு அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்கிறது. இதை நினைக்கும்போது பயம் எங்கே முடிகிறது, வியப்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன் அம்மா காப்பிப் பொடி டப்பாவை மேல் பலகையில் ஏற்றி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரவு தண்ணீர்ப் பானையை மூடித் தட்டின்மேல் அம்மிக்குழவியை வைக்கப்போகிறாளாம், நான் தூக்கக் கலக்கத்தில் மொண்டு குடித்துவிடக் கூடாது என்று. காவல் பலமாக இருக்கிறது.

இனி உறுதியாகாதவை. புதிய வரியைப் பெரிய டாக்டர் ஏற்பாரா என்பது சனிக்கிழமை தாள் அச்சகத்துக்குப் போகும்போது தெரியும். ஏற்காவிட்டால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு, நான் அனுமதி தருகிறேன். என் முறைக்குச் சொட்டு விடப்போவது நீயா வேறொருவரா என்று அட்டையில் இல்லை. பெற்ற தகப்பனுக்கு விடக் கை நடுங்கும் என்று நீ மறுத்தால் எனக்கு வருத்தமில்லை. சம்மதித்தால் சந்தோஷம். மற்றச் செய்தியை நானே எழுத முடியாத நிலையில் இருப்பேன். அது திங்கட்கிழமை உச்சிப்பொழுதுக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. எண்ணச் சொன்னால் நானும் லாபம் என்றுதான் தொடங்குவேன், பிதற்றுகிறேன் என்று நினைத்துவிடாதே. எந்த எண்ணில் நின்றேன் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். விழித்ததும் கேட்பேன்.

உன் அப்பா